பேனல் போனதற்காக வீட்டை இடிக்காதீர்கள்

வாசகர் கேள்விகள்: லினக்ஸ் பக்கம்

இந்த முறை வந்த கடிதங்களைத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு மிச்சம். "நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று திரையில் ஒன்றுமே இல்லை" என்பதுதான் ஏறக்குறைய எல்லாவற்றிலும். ஆகவே பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளின் ஒலியை அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். 'எம்-வி' என்றால் அந்த இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள், நடுவில் கோடு இல்லாமல். எங்கே உண்மையிலேயே கோடு வேண்டுமோ, அங்கே 'சிறுகோடு' என்று சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற கணக்காசிரியர். பழைய மடிக்கணினியில் லினக்ஸின் திரைத்தோற்றமாக எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். பேனலில், அதாவது மெனுவும் கடிகாரமும் இருக்கும் பட்டியில், கடிகாரத்தை வலது ஓரத்துக்கு நகர்த்தப் பார்த்தேன். எதை அழுத்தினேனோ, பேனலே போய்விட்டது. கணினியை அணைத்துப் போட்டாலும் வால்பேப்பர் மட்டும் தெரிகிறது. மருமகன், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக நிறுவிவிடலாம் மாமா" என்கிறார். ஆறு வருடக் கோப்புகள் உள்ளே இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: ஐயா, முதல் வேலையாக மருமகன் கையில் இருக்கும் பென் டிரைவை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டுங்கள். புதிதாக நிறுவும்போது, உங்கள் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் ஹோம் கோப்புறையை அழித்தால் ஆறு வருடம் போகும். அழிக்காமல் வைத்துக்கொண்டு நிறுவினால், பேனலைக் கெடுத்து வைத்திருக்கும் அமைப்புக் கோப்பும் அதே ஹோமில் பத்திரமாக இருக்கும். இரண்டு மணி நேரம் செலவழித்து, மறுபடி அதே வால்பேப்பரைப் பார்ப்பீர்கள். இப்படிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

பேனல் என்பது ஒரு சாதாரண நிரல்தான். அது கெட்டிருக்கிறதா, இல்லை வெறுமனே நின்றுபோயிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆல்ட் விசையோடு எஃப்2 அழுத்தினால் சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் 'எக்ஸ்-எஃப்-சி-இ-4', சிறுகோடு, 'பேனல்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பேனல் வந்துவிட்டால் கோளாறு மிகச் சிறியது. பேனல் நின்றுபோயிருந்த நேரத்தில் நீங்கள் வெளியேறியிருக்கிறீர்கள். வெளியேறும் பெட்டியில் 'அமர்வைச் சேமி' என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கிறது. அமர்வு என்றால் அப்போது ஓடிக்கொண்டிருந்த நிரல்களின் நிலை. பேனல் இல்லாத அந்த அமர்வையே எக்ஸ்எஃப்சிஇ விசுவாசமாக நினைவில் வைத்து, ஒவ்வொரு முறையும் திருப்பித் தருகிறது. அமைப்புகளில் அமர்வு பற்றிய பகுதிக்குப் போய்ச் சேமித்த அமர்வுகளை அழியுங்கள். அடுத்த முறை வெளியேறும்போது அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான், மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

பேனல் வரவில்லையா? அப்படியானால் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். கடவுச்சொல் கேட்கும் திரை வந்ததும் அதைத் தொடாதீர்கள். அங்கேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பயனர் பெயர் கேட்கும். இதைக் கண்டு பதற வேண்டாம்; அலங்காரம் எல்லாம் கழற்றிய அதே கணினிதான் இது. கடவுச்சொல்லை அடிக்கும்போது திரையில் ஒன்றுமே வராது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று நினைத்து நிறுத்திவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். நிறுத்தாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

இப்போது ஒரு சோதனை. 'சூடோ ஆட்-யூசர்' கட்டளையால் புதிதாக ஒரு பயனரை உருவாக்குங்கள். 'சோதனை' என்ற பொருளில் 'டெஸ்ட்' என்றே பெயர் வைக்கலாம். ஆட்-யூசர் ஒரே சொல்லாக, கோடு இல்லாமல். சூடோ என்றால் தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு செய் என்று பொருள். பிறகு கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அழுத்தி அழகான நுழைவுத்திரைக்குத் திரும்புங்கள். சில கணினிகளில் அது எஃப்1 அல்லது எஃப்2-இல் இருக்கும். புதிய பயனராக நுழையுங்கள். அவருக்குப் பேனல் தெரிகிறதா? தெரிந்தால் லினக்ஸுக்கு ஒரு நோயும் இல்லை. கோளாறு உங்கள் ஹோமுக்குள், ஒன்றிரண்டு கோப்புகளுக்குள் மட்டும் இருக்கிறது. அவருக்கும் தெரியவில்லை என்றால்தான் சிஸ்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் யார் என்ன வைத்தியம் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னால்கூட.

புதியவருக்குத் தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். மறுபடி மறுதொடக்கம், நேராகக் கறுப்புத் திரை. 'எல்-எஸ்', ஓர் இடைவெளி, சிறுகோடு, 'ஏ' என்று அடித்தால் இதுவரை நீங்கள் பார்த்திராத கோப்புறைகள் வரிசையாக வரும். எல்லாவற்றின் பெயரும் புள்ளியில் தொடங்கும். (இந்தப் புள்ளி மறைப்பே ஒரு விபத்துதான். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் தொடக்க காலத்தில், ஒவ்வொரு கோப்புறையிலும் இருக்கும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி ஆகிய இரண்டு பதிவுகளைப் பட்டியலில் காட்ட வேண்டாம் என்பதற்காக, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தாண்டும்படி எழுதிவிட்டார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின. யூனிக்ஸ் உருவாக்கியவர்களுடன் பணியாற்றிய ராப் பைக் இதை 2012-இல் எழுதினார்.) அவற்றில் 'புள்ளி-கான்ஃபிக்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் 'எக்ஸ்எஃப்சிஇ4'. உங்கள் பேனல், குறுக்குவிசைகள், சாளர ஓரங்கள் எல்லாம் அதற்குள்தான்.

அதை அழிக்கச் சொல்லப்போகிறேன் என்று நினைப்பீர்கள். மாட்டேன். பெயரை மட்டும் மாற்றுங்கள். 'எம்-வி', இடைவெளி, பழைய பெயர், இடைவெளி, புதிய பெயர். புதிய பெயராக 'எக்ஸ்எஃப்சிஇ4', சிறுகோடு, 'ஓல்ட்' என்று வையுங்கள். கோப்புறை இல்லாததைக் கண்டு எக்ஸ்எஃப்சிஇ அடுத்த முறை தானே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பழையது பக்கத்திலேயே இருக்கும்.

ஏன் இத்தனை அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், நான் அழித்தவள். மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தபோது ஒரு நாள் டெஸ்க்டாப் இப்படித்தான் மக்கர் செய்தது. எங்கோ படித்ததை நம்பி, புள்ளி-கான்ஃபிக் முழுவதையும் 'ஆர்-எம்' போட்டு அழித்தேன். டெஸ்க்டாப் பளிச்சென்று வந்தது. அரை மணி நேரம் பெருமையாக இருந்தேன். பிறகு லிப்ரெஆஃபீஸைத் திறந்து ஒரு கட்டுரையை எடுத்தால், பக்கம் முழுக்கச் சிவப்பு அலைக்கோடு. பல வருடங்களாக 'இது சரியான சொல், இதைச் சேர்த்துக்கொள்' என்று ஒவ்வொன்றாக நான் சொல்லிக் கொடுத்திருந்த சொற்பட்டியல் அந்தக் கோப்புறைக்குள்தான் இருந்திருக்கிறது. ஊர்ப் பெயர்கள், ஆட்பெயர்கள், ழகர ளகர மயக்கத்துக்காக நான் வைத்திருந்த திருத்தங்கள், எல்லாம். குரோம் உலாவியின் புக்மார்க்குகளும் அதற்குள்தான் இருந்தன. இன்றும் 'பாளையங்கோட்டை' என்று அடிக்கும்போது அந்தச் சிவப்புக் கோடு கண்ணுக்குள் வரும். ஆகவே, ஆர்-எம் வேண்டாம். எம்-வி.

பேனல் வந்த பிறகு, பழைய அமைப்புகளில் நல்லவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஓல்ட் கோப்புறைக்குள் 'எக்ஸ்எஃப்கான்ஃப்' என்றொரு கோப்புறை, அதற்குள் நீளமான பெயருடன் இன்னொன்று, அதற்குள் வரிசையாக எக்ஸ்எம்எல் கோப்புகள். குறுக்குவிசைகளுக்கு ஒன்று, சாளரங்களுக்கு ஒன்று, பேனலுக்கு ஒன்று. பேனலுக்குரியதைத் தவிர மற்றவற்றைப் புதிய கோப்புறையின் அதே இடத்துக்கு நகலெடுங்கள். ஆனால் இதையும் மறுதொடக்கம் செய்து, நுழைவதற்கு முன், கறுப்புத் திரையிலிருந்தே செய்யுங்கள். காரணம், எக்ஸ்எஃப்சிஇ ஓடிக்கொண்டிருக்கும்போது அமைப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிரல் பின்னால் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கோப்பை மாற்றியது அதற்குத் தெரியாது. தன்னிடம் இருப்பதையே மறுபடி கோப்பில் எழுதி உங்கள் வேலையை வீணாக்கும். "சரிசெய்தேன், மறுபடி கெட்டுவிட்டது" என்று வரும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: மேடம், நான் கல்லூரி மாணவன். கடவுச்சொல் சரியாக இருக்கிறது. என்டர் தட்டினால் திரை ஒரு விநாடி கறுத்து, மறுபடி நுழைவுத்திரைக்கே வந்துவிடுகிறது. பத்து முறை முயன்றுவிட்டேன். முந்தைய நாள் ஒரு சிஸ்டம் கோப்பைத் திருத்தினேன், அது காரணமாக இருக்குமா?

பதில்: கடவுச்சொல் தவறு என்றால் தவறு என்று சொல்லும். சொல்லாமல் துப்புகிறது என்றால், கதவு திறந்து உள்ளே போனபின் உட்கார இடமில்லை என்று பொருள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, வட்டு நிறைந்துவிட்டதா? 'டி-எஃப்', இடைவெளி, சிறுகோடு, 'எச்'. நூறு சதவீதம் என்று ஏதாவது வரி சொன்னால் அதுதான். டெஸ்க்டாப் தொடங்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். ஓர் எழுத்து எழுதக்கூட இடமில்லை என்றால் வெளியே வந்துவிடும். "ஆனால் கறுப்புத் திரையில் எல்லாம் ஓடுகிறதே" என்பீர்கள். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஐந்து சதவீத இடம் இயல்பாகவே ரூட் என்ற தலைமைப் பயனருக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். 500 ஜிபி வட்டில் 25 ஜிபி. அதனால் சிஸ்டம் மூச்சு விடும், நீங்கள் மட்டும் திணறுவீர்கள். குப்பைத்தொட்டியில் போட்டவை இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். அவை புள்ளி-லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் டிராஷ் என்ற இடத்தில் கிடக்கும். ஹோமில் 'புள்ளி-எக்ஸ்செஷன்', சிறுகோடு, 'எரர்ஸ்' என்ற பதிவுக் கோப்பு சில கணினிகளில் பல ஜிபி அளவுக்கு வீங்கியிருப்பதும் உண்டு. அதைத் தயங்காமல் அழிக்கலாம், அது வெறும் புலம்பல் குறிப்பு.

வட்டில் இடம் இருந்தால், இரண்டாவது. நீங்கள் "சிஸ்டம் கோப்பைத் திருத்தினேன்" என்று எழுதியதைப் படித்ததுமே இதைத்தான் நினைத்தேன். சூடோ போட்டு, சாளரத்தில் ஓடும் எடிட்டரைத் திறந்தீர்கள், இல்லையா? 'எல்-எஸ்', இடைவெளி, சிறுகோடு, 'எல்-ஏ' என்று அடித்துப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் உரிமையாளர் பெயர், குழுப் பெயர் என்று அடுத்தடுத்து இரண்டு பெயர்கள் இருக்கும். மேலே இருக்கும் இரட்டைப் புள்ளி வரியை விட்டுவிடுங்கள், அது ரூட்டுடையதாகத்தான் இருக்கும். மற்ற வரிகளில் பொதுவாக உங்கள் பெயர் இரண்டு முறை வரும். 'புள்ளி-எக்ஸ்-அதாரிட்டி' வரியிலும் 'ரூட் ரூட்' என்று இருந்தால், திருடன் அகப்பட்டான். திரையைத் திறக்கும் சாவி அந்தக் கோப்பு. ரூட்டாக ஓடிய நிரல் அதைத் தன் பெயருக்கு எழுதி வைத்துக்கொண்டது. இப்போது உங்கள் சாவியை உங்களாலேயே தொட முடியவில்லை.

வைத்தியம் மறுபடி எம்-வி தான். அதன் பெயரை மாற்றிவிட்டு நுழையுங்கள், புதிய சாவி தானே உருவாகும். ரூட்டுக்குச் சொந்தமானதை நாம் எப்படி நகர்த்துவது என்று கேட்கலாம். கோப்பு ரூட்டுடையது, ஆனால் அது கிடக்கும் கோப்புறை உங்களுடையது. பெயர் மாற்றும் உரிமை கோப்புறைக்காரருக்கு உண்டு. லினக்ஸில் எனக்கு மிகப் பிடித்த நியாயங்களில் இது ஒன்று.

இனிமேல் சிஸ்டம் கோப்பைத் திருத்த 'நானோ' போன்ற, கட்டளை அடிக்கும் டெர்மினலுக்குள்ளேயே ஓடும் எடிட்டரைப் பயன்படுத்துங்கள். கடைசியாக ஒன்று: நீங்கள் திருத்தியது ஹோமில் இருக்கும் 'புள்ளி-புரொஃபைல்' கோப்பாக இருந்தால், அதில் விட்டுப்போன ஒரு மேற்கோள்குறிகூட இப்படி வெளியே தள்ளும். அதையும் பெயர் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கும் அதே போலத்தான், ஆனால் "கடவுச்சொல் தவறு" என்று தெளிவாகச் சொல்கிறது. மாற்றவே இல்லை. கடைசியாகச் செய்தது, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தது மட்டுமே.

பதில்: அப்படியானால் நீங்கள் கடவுச்சொல்லைத் தமிழில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். புள்ளிகளாகத் தெரிவதால் உங்களுக்குத் தெரியவில்லை. நுழைவுத்திரையின் ஓரத்தில் விசைப்பலகையின் பெயர் இருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். பயனர் பெயர் அடிக்கும் கட்டம் இருந்தால் கடவுச்சொல்லை அங்கே ஒரு முறை அடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

இதே சமயத்தில் நம்மவர்களுக்கு மட்டும் வரும் இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரையில் பட்டியல் எடுக்கும்போது, தமிழில் பெயர் வைத்த கோப்புகள் எல்லாம் கட்டம் கட்டமாக, கிறுக்கலாகத் தெரியும். "கோப்புகள் கெட்டுவிட்டன" என்று அழுதபடி ஒரு வாசகி எழுதியிருந்தார். கெடவில்லை. அந்தத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம்; தமிழுக்கு அதில் பங்கு கிடையாது. பெயரை அடிக்க முடியாதபோது நட்சத்திரக்குறியையோ டேப் விசையையோ வைத்துச் சமாளிக்கலாம். டெஸ்க்டாப்புக்குத் திரும்பினால் அகரமுதல எழுத்தெல்லாம் அப்படியே இருக்கும்.

கேள்வி: என் டெஸ்க்டாப் கேடிஇ பிளாஸ்மா. கீழ்ப்பட்டி கறுத்துப்போனது. சென்ற இதழில் நீங்கள் சொன்னபடி புள்ளி-கான்ஃபிக்கை அழிக்காமல் பெயர் மட்டும் மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் இப்போது எந்த நிரலைத் திறந்தாலும் புதிதாய்ப் பிறந்த குழந்தை போல முழிக்கிறது. பழையதில் எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே நூறு கோப்புகளாவது இருக்கும்.

பதில்: எக்ஸ்எஃப்சிஇ தன் சாமான்களை ஒரே கோப்புறையில் மடித்து வைக்கும். பிளாஸ்மா அப்படியல்ல, புள்ளி-கான்ஃபிக்கின் கூடம் முழுக்க இறைத்து வைக்கும். முதலில் ஊகம்: 'பிளாஸ்மா' என்று தொடங்கி 'ஆப்லெட்ஸ்-ஆர்சி' என்று முடியும் ஒரு நீளப் பெயர்க் கோப்பு இருக்கிறதா? பட்டியும் அதிலுள்ள குட்டி நிரல்களும் அதற்குள்தான். அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவை அனைத்தையும் திரும்ப வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இத்தோடு முடியும்.

முடியாவிட்டால், மேலே எழுதியிருக்கும் கணக்காசிரியர் ஐயாவுக்குப் பிடிக்கும் வழி ஒன்று இருக்கிறது. நூறு கோப்புகளில் ஐம்பதைத் திரும்ப வையுங்கள். நுழைந்து பாருங்கள். நன்றாக இருந்தால் குற்றவாளி மற்ற ஐம்பதில். கெட்டால் இந்த ஐம்பதில். அதைப் பாதியாக்கி இருபத்தைந்து. பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று. நூறு கோப்புகள் இருந்தாலும் ஏழு சுற்றுக்குள் ஒரே கோப்பில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தால் ராத்திரி போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறித்தான் மாற்ற வேண்டும், எதைத் திரும்ப வைத்தீர்கள் என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு முறை தாளில் எழுதாமல் மூன்றாம் சுற்றில் குழம்பி, முதலிலிருந்து தொடங்கினேன். ஒருவேளை இரண்டு கோப்புகள் கூட்டுச் சேர்ந்து கெடுத்தால் இந்த முறை தடுமாறும். ஆனால் அப்படி நடந்தது என் கைக்கு வந்ததில்லை.

கேள்வி: க்நோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறேன். சிஸ்டத்தை அடுத்த பதிப்புக்கு உயர்த்திய பிறகு, "ஐயோ, ஏதோ தவறாகிவிட்டது" என்ற பொருளில் ஒரு சோக முகக் கணினிப் படம் வந்து நிற்கிறது. வெளியேறும் பொத்தானைத் தவிர வேறொன்றும் இல்லை.

பதில்: நீட்சிகள், அதாவது டெஸ்க்டாப்போடு ஒட்டவைக்கும் கூடுதல் குட்டி நிரல்கள், எத்தனை போட்டு வைத்திருந்தீர்கள்? க்நோம் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பு விடுகிறது. நீட்சி எழுதுபவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் பின்னால் ஓடி வருகிறார்கள். 2023 செப்டம்பரில் வந்த க்நோம் 45-இல் நீட்சிகள் எழுதப்படும் முறையே மாறியது. அதற்கு முன் எழுதியவை எதுவும் திருத்தாமல் அதில் ஓடாது.

கறுப்புத் திரைக்குப் போய், புள்ளி-லோக்கல், ஷேர், 'க்நோம்' சிறுகோடு 'ஷெல்', அதற்குள் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். நுழைந்துவிடுவீர்கள். பிறகு ஒவ்வொன்றாகப் புதிய பதிப்பைப் பார்த்துப் போடுங்கள். எது இல்லாமலும் வாழ முடிகிறது என்று அப்போது தெரியும்.

நீட்சிகள் காரணமில்லை என்றால், 'டிகான்ஃப்' என்ற கோப்புறையைப் பாருங்கள். க்நோம் தன் அமைப்புகளில் பெரும்பாலானவற்றைப் புள்ளி-கான்ஃபிக்குக்குள் டிகான்ஃப், அதற்குள் 'யூசர்' என்ற ஒரே கோப்பில் வைக்கிறது. அது எடிட்டரில் திறந்து படிக்கும் கோப்பு அல்ல. அதனால் பாதிப் பாதியாகப் பிரிக்கும் வித்தை இங்கே எடுபடாது. பெயரை மாற்றினால் எல்லாம் ஆதிநிலைக்குப் போகும். நல்ல நிலையில் இருக்கும்போதே 'டிகான்ஃப் டம்ப்', இடைவெளி, ஒரு சாய்கோடு என்று அடித்து, அது கொட்டுவதை ஒரு கோப்பில் பிடித்து வைத்திருந்தால், அப்போது வேண்டிய வரிகளை மட்டும் திரும்ப ஏற்றலாம். இன்றைக்கு உங்களுக்கு உதவாது. படிக்கும் மற்றவர்களுக்கு உதவும்.

கேள்வி: டைம்ஷிஃப்ட் நிரல் வைத்திருக்கிறேன், தினமும் கணினியின் நிலையைப் படம் பிடித்து வைக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். பேனல் கெட்டதும் முந்தைய நாளுக்குத் திரும்பினேன். எல்லாம் வெற்றி என்று சொன்னது. பேனல் மட்டும் கெட்டபடியே இருக்கிறது. இது என்ன மோசடி?

பதில்: மோசடி இல்லை, அதன் கொள்கை. டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காக்கும். பயனர்களின் ஹோமை இயல்பாகவே தொடாது. சிஸ்டத்தைப் பின்னால் இழுக்கும்போது நீங்கள் இன்று எழுதிய கடிதமும் சேர்ந்து காணாமல் போகக் கூடாதல்லவா? ஆனால் பேனல் அமைப்பு இருப்பது ஹோமில். ஆகவே நீங்கள் கேட்ட நாளுக்குச் சிஸ்டம் போனது, பேனல் போகவில்லை. புள்ளிக் கோப்புகளையும் சேர்க்க அதில் வசதி இருக்கிறது. அமைப்புகளில் பயனர்கள் பகுதியைப் பாருங்கள். எனக்கு அதைவிட எளிய வழி பிடிக்கும். டெஸ்க்டாப்பில் எதையாவது நோண்டத் தோன்றும்போதெல்லாம், நோண்டுவதற்கு முன், 'சி-பி', இடைவெளி, சிறுகோடு, 'ஏ' போட்டுப் புள்ளி-கான்ஃபிக்கை அன்றைய தேதியோடு ஒரு நகல் எடுத்துவிடுவேன். அந்த 'ஏ' முக்கியம்: உரிமையாளர் பெயர், அனுமதிகள், நேரம் எல்லாம் அப்படியே நகலுக்கும் வரும்.

கேள்வி: தேவையில்லாத ஒரு மென்பொருளை நீக்கினேன். நீண்ட பட்டியல் ஒன்று காட்டிச் சம்மதம் கேட்டது. படிக்காமல் 'ஒய்' தட்டினேன். இப்போது கணினி கறுப்புத் திரையில் மட்டுமே திறக்கிறது.

பதில்: டெஸ்க்டாப்பையே நீக்கிவிட்டீர்கள். அந்தப் பட்டியல் அதைத்தான் சொல்லியிருக்கும். படிக்காததற்கு என்னிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை, கணினியே தண்டித்துவிட்டது.

உங்கள் லினக்ஸ் உபுண்டு, டெபியன் வகை என்றால் என்ன போயிற்று என்பது எழுதப்பட்டே இருக்கிறது: 'வார்' கோப்புறை, அதற்குள் 'லாக்', அதற்குள் 'ஏப்ட்', அதற்குள் 'ஹிஸ்டரி-புள்ளி-லாக்'. 'லெஸ்' கட்டளையால் திறந்து கடைசிக்குப் போங்கள். நேரம், நீங்கள் அடித்த கட்டளை, அதன் கீழ் 'ரிமூவ்' என்ற சொல்லுக்குப் பின் நீக்கப்பட்ட ஒவ்வொன்றின் பெயரும் இருக்கும். ஒவ்வொன்றாகத் திரும்ப நிறுவ வேண்டியதில்லை. உபுண்டுவானால் 'உபுண்டு' சிறுகோடு 'டெஸ்க்டாப்' என்ற ஒரே தொகுப்பை நிறுவினால் மற்றவற்றை அது இழுத்து வரும். பிளாஸ்மாவோடு வரும் உபுண்டுவான குபுண்டுவுக்கு அதே போலக் 'குபுண்டு' சிறுகோடு 'டெஸ்க்டாப்'. இணையம் வேண்டும், கறுப்புத் திரையில் வைஃபையோடு மல்லுக்கட்டாமல் கேபிளைச் செருகுங்கள். நிறுவல் பாதியில் நின்றிருந்தது என்று அது முறையிட்டால், 'டிபிகேஜி' கட்டளையில் 'கான்ஃபிகர்', 'ஏ' என்ற இரண்டு தேர்வுகளைக் கொடுத்து முடித்துவிட்டுத் தொடங்குங்கள். முதலாவதற்கு முன் இரண்டு சிறுகோடுகள், இரண்டாவதற்கு முன் ஒன்று.

மென்பொருளை நீக்கும்போது, அந்த வேலையைச் செய்யும் ஏப்ட் உங்கள் ஹோமைத் தொடுவதில்லை. டெஸ்க்டாப் திரும்பி வரும்போது வால்பேப்பர், பேனல், நீங்கள் வைத்த கடிகாரம் உட்பட, விட்ட இடத்திலேயே இருக்கும்.

கேள்வி: போன முறை எழுதிய பிறகு என் கணினி சரியாகிவிட்டது, நன்றி. சோதனைக்காக உருவாக்கிய அந்தப் புதிய பயனரை இனி நீக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். அவரை இருக்க விடுங்கள். ஆனால் அவருடைய டெஸ்க்டாப்பில் ஒரு சின்னத்தைக்கூட நகர்த்தாதீர்கள். கடவுச்சொல்லை மறக்காமல் எங்காவது எழுதி வையுங்கள். கணினிக்குள் அல்ல, தாளில்.